வெயில் ஆகாத உடம்பு

இலங்கை மலைநாட்டில், பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், கறுத்த அப்பாவுக்கும் கறுத்த அம்மாவுக்கும் நான் வெள்ளையாகப் பிறந்தேன். வெள்ளை என்றால் எலுமிச்சம்பழ நிறம் என்று நினைத்துவிடக் கூடாது. தலைமயிர், புருவம், இமை மயிர் எல்லாமே சோளக்குஞ்சம் மாதிரி. கண்மணி இரண்டும் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர். அதை வைத்துப் பகடி பண்ணினவர்களும் இருந்தார்கள். அம்மா அந்தப் பகடிக்குப் பதில் சொன்னதே இல்லை. ஆனால் பகடி பண்ணினவள் வாசலை அதற்குப் பிறகு மிதித்ததும் இல்லை.

அப்பா எனக்கு ஆறு வயதிலேயே செத்துப்போனார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கரும்பலகை எனக்குத் தெரியாது. புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டால் எழுத்து தெரியும், அப்படித்தான் படித்தேன், இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன். பதினாறு வயதில் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்த பெண்ணுக்கு அப்போது அதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. மலைக்காற்று சில்லென்று அடித்துக்கொண்டே இருப்பதால் சுடுவது தெரியாது. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் தண்ணீர் பட்ட இடமெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். மறுநாள் கொப்புளம் கட்டும், உடையும், தோல் உரியும். உரிந்த இடத்தில் புதுத் தோல் வருவதற்குள் மறுபடி வெயில். மழைக்காலத்தில் மற்றப் பெண்களுக்கு அட்டைக்கடிதான் பயம். எனக்கு அட்டை ஒரு பொருட்டே இல்லை. வானம் வெளுத்த நாள்தான் எனக்குப் பயம். இருபது வயது ஆகும்போது என் கைகளில் கறுப்பும் பழுப்புமாகப் புள்ளிகள் நிறைந்திருந்தன. முகத்துத் தோல் அம்மாவின் முகத்தைவிடக் கிழடாக இருந்தது. சந்தையில் ஒருத்தி அம்மாவிடம், "ஒங்க அக்காவா?" என்று கேட்டாள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறு வருஷம். எனக்கு இருபத்துமூன்று வயது. இடது காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில், தவிடு ஒட்டினது போல ஒரு சொரசொரப்பு வந்தது. பிய்த்தால் துளி இரத்தம் வரும். நாலு நாளில் மறுபடி பொருக்குக் கட்டும். கொழுந்துக் கூடையின் கயிறு தலைக்கு மேலால் வந்து சரியாக அந்த இடத்தை உரசிக்கொண்டுதான் இறங்கும். அதனால் நானும் அம்மாவும் கயிற்றையே குற்றம் சொன்னோம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை டிஸ்பென்சரி ஐயா என்று சொல்வோம். தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் அவர் ஒருவர்தான். அவரும் அதையேதான் சொன்னார்.

"கயிறு ஒரசி வந்த புண்ணு. கயித்துக்குக் கீழ துணிய மடிச்சி வையி."

ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். வெள்ளை முகத்தில் ஊதா மருந்து போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் அந்த மருந்து. பிறகு வேறொரு களிம்பு. இடையில் அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினாள். கயிற்றை வலது பக்கமாக ஒதுக்கிப் போட்டேன். கயிறு உரசாமலேயே புண் வளர்ந்தது. ஆறு மாதத்தில் ஒரு ரூபாய்க் காசின் அகலம் ஆகிவிட்டது. நடுவில் குழி, சுற்றிலும் வரப்புக் கட்டினது போல் தடித்த ஓரம். காலையில் எழும்பும்போது தலையணைத் துணி காதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாடையும் வர ஆரம்பித்தது. அதை நான்தான் முதலில் உணர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொல்லாவிட்டாலும் லயத்துக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் நான் குடத்தோடு போனால் முன்னால் நிற்கிறவர்கள் அவசரமாக வழி விட்டார்கள். முதலில் இரக்கம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், நான் பிடித்துவிட்டுப் போன பிறகு பீலியின் வாயைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மற்றவர்கள் குடம் வைத்தார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. பெருவியாதி. விரல் கரைந்து, மூக்கு அமிழ்ந்துபோகிற அந்த வியாதிதான். பிறந்ததிலிருந்தே நிறம் மாறின உடம்பு என்னுடையது. அதில் ஆறாத புண் என்றால் வேறென்ன நினைப்பார்கள்?

எங்கள் காம்பராவில் நாங்கள் நாலு பேர். அம்மா, நான், அண்ணன், அண்ணி. அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை. ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் சோற்றுக் கோப்பையும் தண்ணீர்க் குவளையும் வழக்கமான இடத்தில் இல்லை. அண்ணி அவற்றைக் கதவுக்கு வெளியே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"என்னா பாக்கிறீங்க அத்தை? என் வயித்துல இருக்கிறதுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா நீங்களா பொறுப்பு ஏத்துக்குவீங்க?"

அண்ணி கத்தவில்லை. கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. எனக்குத் தலை பின்னி விட்டவள், நான் மலையில் மயங்கி விழுந்த நாளில் என் கூடையையும் சேர்த்துச் சுமந்தவள். நானே பாயைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கத்து இஸ்தோப்புக்குப் போய்விட்டேன். பாதிச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த அந்த இடத்தில் விறகோடு விறகாக அதற்குப் பிறகு படுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை டிஸ்பென்சரி ஐயா புண்ணின் மேலிருந்த துணியைக் குறட்டால் எடுத்துப் பார்த்தார். குறட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

"இது வேற மாதிரி இருக்கு," என்றார். "நான் சும்மா இருக்க ஏலாது. வர்ற புதங்கெழம மேல எழுதி அனுப்பப் போறேன். அவுங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க."

"எங்கங்க ஐயா?" என்று அம்மா கேட்டாள்.

அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். "அது வரைக்கும் மலைக்குப் போகவேணாம். தனியா இரு," என்று என்னிடம் சொன்னார்.

மேல் லயத்திலிருந்து ஒரு ஆளை அப்படித்தான், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவே இல்லை. அவருடைய பாயையும் துணிகளையும் லயத்துக் கோடியில் போட்டு எரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அம்மாவுக்கும் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் என் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. நாளைக்கே யாரோ பறித்துக்கொண்டு போகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போனோம். புண்ணும் காதும் தெரியாமல் மூடிக் கட்ட ஒரு அகலமான துணி வாங்க வேண்டும் என்றாள் அம்மா. மறைத்து வைத்தால் வியாதியையும் மறைத்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. வழக்கமாகச் சேலை எடுக்கிற முஸ்லிம் முதலாளியின் கடைக்குத்தான் போனோம். அவர் துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தலைத்துணியில் இரத்தம் ஊறியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

"மகள், அது என்ன? அவிழ்த்துக் காட்டுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "ஒண்ணுமில்ல மொதலாளி, கயிறு ஒரசினது," என்றாள்.

"காட்டுங்க மகள். நான் தொட மாட்டேன்."

அவிழ்த்தேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. குனிந்து நன்றாகப் பார்த்தார். ஆறு மாதத்தில் அம்மாவையும் டிஸ்பென்சரி ஐயாவையும் தவிர வேறு ஒருவர் இவ்வளவு கிட்ட வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"எத்தனை மாசம்?"

"ஆறு," என்றேன்.

"என்ட வாப்பாவுக்குக் கீழ் உதட்டில இப்படித்தான் வந்தது. ஓரம் இதே மாதிரிதான் தடிச்சிருந்தது. நாங்க எண்ணெய் பூசிப் பூசிப் பார்த்துக்கிட்டே இருந்தோம். கடைசில வாப்பாட வாய் போச்சு. பிறகு வாப்பாவும் போயிட்டார்." துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறாத புண்ண வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது தங்கச்சி. செவ்வாய்க்கிழமைதான் புண் பார்க்கிற நாள், பதுளை பெரியாஸ்பத்திரிக்கு இவளைக் கூட்டிட்டுப் போங்க. காலையிலேயே போய் நம்பர் எடுங்க."

"அங்க புடிச்சி வச்சிக்கிட்டாங்கன்னா?" என்று அம்மா கேட்டாள்.

அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "வச்சிருந்தா நல்லதுதானே? மருந்து கட்டுவாங்களே," என்றார்.

திங்கட்கிழமை வந்துவிட்டது. புதன்கிழமைக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு நாள். நானாகப் போய் அகப்பட்டுக்கொள்வதா, அவர்கள் வந்து பிடிக்கும்வரை இருப்பதா என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தம் கேட்டு எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் போனபோது, அம்மா போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, "எந்திரி," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் ஒருத்தி இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதுளை நெருங்கும்வரைக்கும் அந்த இடம் காலியாகவே வந்தது. நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒரு காலி இடம். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் உட்காரவில்லை. கடைசியில் பின்னால் நின்றிருந்த அம்மா வந்து உட்கார்ந்தாள்.

டொக்டர் சிங்களவர், என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவராக இருப்பார். தமிழ் பேச மட்டக்களப்புக்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் நின்றார். டொக்டர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் கைகளைத்தான் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஓர் ஊசி முனையால் கையிலும் கன்னத்திலும் தொட்டார். "ரிதெனவாத?" என்று கேட்டார்.

"நோகுதா எண்டு கேட்கிறார்," என்றார் மிஸ்ஸி.

"நோகுது."

"இப்ப?"

"நோகுது, நோகுது!"

வலி தெரிவது நல்ல செய்தி என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கே குத்தினாலும் வலிக்கிறதே, அவ்வளவு முற்றிவிட்டதா என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்து அவர் தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்து நெடுகிலும் விரல்களால் அழுத்தித் தேடினார். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி அழுத்தினார். பிறகு விரல் நகர்ந்தது.

"ஒரு சின்னத் துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்க வேணுமாம். மூண்டு கிழமையால வாங்க. அதுக்குப் பிறகுதான் சொல்லலாமாம்," என்றார் மிஸ்ஸி.

பெருவியாதிதானா என்று அம்மா கேட்டிருந்தால் அந்த நிமிஷமே டொக்டர் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வியாதியின் பேரை அம்மா தன் வாயால் சொல்லத் துணியவில்லை. நானும் துணியவில்லை. சொன்னால் அதுதான் என்று ஆகிவிடும் போல இருந்தது. அன்றைக்கே ஊசி போட்டுத் துண்டு வெட்டி எடுத்தார்கள், கும்பிட்டுவிட்டு வந்தோம்.

புதன்கிழமை அம்மா ஆஸ்பத்திரியில் தந்த சீட்டை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரி ஐயாவிடம் போனாள். "பெரியாஸ்பத்திரியில பாக்கிறாங்க. நீங்க எழுத வேணாங்க," என்றாளாம். அவர் சீட்டை வாசித்துவிட்டு, "சரி, ரிப்போட்டு வரட்டும்," என்று மட்டும் சொன்னாராம். எனக்கென்னவோ அவருக்கும் ஒரு பாரம் இறங்கியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அந்த மூன்று வாரத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். காலையில் எல்லோரும் மலைக்குப் போய்விட்டால் லயம் வெறிச்சோடிப்போகும். விரல் நுனிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்ப்பேன், உணர்ச்சி இருக்கிறதா என்று. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்ப்பேன். வெயில் படாததால் என் கைத்தோல், நினைவு தெரிந்த நாளிலிருந்து முதன்முதலாக, எரியாமல் இருந்தது. புண் மட்டும் தன் போக்கில் அகன்றுகொண்டே போனது. துண்டு வெட்டிய இடமும் அதோடு சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்துப் போனபோது டொக்டர் கையில் ஒரு தாள் இருந்தது. உட்காரச் சொன்னார். அவர் சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். மிஸ்ஸி என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

"மகள், பயப்படாம கேளுங்க. இது கேன்சர். தோலில வாற புற்று. வெட்டி எடுக்க வேணும்."

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"அப்ப... அப்ப பெருவியாதி இல்லீங்களா?"

மிஸ்ஸி அதைச் சொன்னதும் டொக்டர் திடுக்கிட்டுப்போனார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். அப்படி ஒன்றுமே இல்லை, முதல் நாளே தனக்குத் தெரியும் என்றார். அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "என் சாமி! என் சாமி! பெருவியாதி இல்லையாம்டி!" என்று சிரிக்கிறாள், அழுகிறாள், டொக்டரின் காலைத் தொடப் போகிறாள். கேன்சர் என்று சொன்னதற்கு ஒரு தாய் இப்படிச் சந்தோஷப்படுவதை அந்த டொக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். அவர் மிஸ்ஸியைப் பார்த்தார். மிஸ்ஸி தரையைப் பார்த்தார்.

நான் அம்மாவோடு சேர்ந்து சிரிக்கவில்லை. எனக்குக் கடை முதலாளியின் வாப்பா ஞாபகம் வந்துவிட்டது. "செத்துப்போயிருவேனா மிஸ்ஸி?" என்று கேட்டேன்.

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

டொக்டர் நேராக என்னைப் பார்த்துச் சொன்னார், மிஸ்ஸி வரி வரியாகத் தமிழில் சொன்னார். கழுத்தில் கட்டி இல்லை. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் வேறு கதை. இப்போது முழுவதும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். ஆனால் வெட்டிப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். "கயிறு இதைச் செய்யேல்லையாம். வெயில்தான் செய்ததாம். உங்கட தோலில வெயிலைத் தடுக்கிற நிறம் இல்லையாம்." பிறந்ததிலிருந்து என் நிறத்துக்கு எத்தனையோ காரணம் கேட்டிருந்தேன். அம்மாவின் பாவம், போன பிறவி, கிரகண நேரம். இப்படி ஒரு சாதாரணமான காரணத்தை யாரும் சொன்னதில்லை.

அடுத்த வாரமே வெட்டினார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, சுற்றிலும் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். வலி இல்லை. ஆனால் காதுக்குப் பக்கத்தில் வெட்டினால் அந்தச் சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். தடித்த துணியைக் கத்தரிக்கிற சத்தம். முகத்தின் மேல் பச்சைத் துணி. டொக்டர் என்னவோ சொல்ல, இன்னொருவர் பதில் சொல்ல, மறுபடி கத்தரிக்கோல். இன்னுமா, இன்னுமா என்று நினைத்துக்கொண்டே கிடந்தேன். எவ்வளவு பெரிய புண், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அளந்தேன். தொடையிலிருந்து தோல் எடுத்து அந்தப் பள்ளத்தை மூடித் தைத்தார்கள்.

வெட்டி எடுத்ததையும் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதாவது, மறுபடியும் காத்திருக்க வேண்டும். வார்டில் கிடந்த நாட்களில் என் பயம் முழுக்க ஒட்டின தோலைப் பற்றித்தான். கறுத்துப்போனால் செத்துவிட்டது என்று அர்த்தம் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். காலையில் கட்டு அவிழ்க்கும்போதெல்லாம் மிஸ்ஸியின் முகத்தைத்தான் பார்ப்பேன். ஐந்தாம் நாள் அவர், "ரோசா நிறம். பிடிச்சிட்டுது," என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தத் தாளும் வந்தது. வெட்டின ஓரமெல்லாம் சுத்தம். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

இதற்குப் பிறகுதான் இன்னொரு கஷ்டம் இருந்தது. "காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை வெயிலுக்கு வரவே கூடாது. எப்போதும் நீளக் கைச் சட்டை, அகலத் தொப்பி, முகத்துக்கு இந்தக் களிம்பு," என்று டொக்டர் சொன்னார். வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரித் தடித்த துத்தநாகக் களிம்பு அது. கொழுந்து பறிக்கிறவள் எப்படி வெயிலுக்கு வராமல் இருப்பாள்? அதையும் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுத் தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

புதிதாக வந்திருந்த துரை நம் நாட்டுக்காரர், சிங்களவர். தமிழும் பேசுவார். ஆபீஸ் வாசலில் நின்று கடிதத்தைக் கொடுத்தோம். வாசித்தார். பக்கத்தில் தேயிலை பதப்படுத்துகிற ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் நின்றார். வெயில் படாத வேலை என்றால் ஸ்டோரில்தான். அங்கே போகத் தவம் கிடக்கிறவர்கள் பலர்.

"இந்தப் புள்ளைக்குக் கண் தெரியாதுங்க சேர்," என்றார் டீமேக்கர். "ஸ்டோர்ல தேயிலையில காம்பு பொறுக்கணும். சின்னச் சின்னக் காம்பு. நல்ல கண்ணு உள்ளவுங்களே விட்டுடுறாங்க."

"மெய்யா? கண் தெரியாதா?" என்று துரை என்னிடம் கேட்டார்.

"தூரத்துல தெரியாதுங்க. கிட்டத்துல தெரியும்."

"தேயிலைய மூக்குல வச்சிப் பாக்க ஏலுமா?" என்றார் டீமேக்கர். யாரோ சிரித்தார்கள்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. ஒரு தட்டில் தேயிலை கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். துரை டீமேக்கரைப் பார்த்தார். ஸ்டோரிலிருந்து ஒரு தட்டு வந்தது. பரப்பி வைத்தார்கள். நான் கீழே உட்கார்ந்தேன். குனிந்து பார்த்தால் வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் கண் கூசிற்று, எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. அம்மாவின் நிழல் பக்கத்தில் அசையாமல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். விரலால் தேயிலையைத் தடவினேன். ஏழு வருஷம் கொழுந்து பறித்த விரல்கள். சுருண்ட இலை உருளும், உருட்டினால் வழுக்கிப் போகும். காம்பு உருளாது. குச்சியாகக் குத்தும். ஒன்று கிடைத்தது, எடுத்து வைத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையில் இனி ஒன்றும் குத்தவில்லை என்று ஆனதும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

டீமேக்கர் குந்தி உட்கார்ந்து தட்டைக் கிளறிப் பார்த்தார். இரண்டு காம்பு எடுத்தார். மூன்றாவதைத் தேடினார், கிடைக்கவில்லை. எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு மாசம் பாப்போம் சேர்," என்றார்.

அந்த ஒரு மாதம் யாரும் முடிந்தது என்று சொல்லாமலேயே பதினான்கு வருஷம் நீண்டது. அது சுலபமாக இருக்கவில்லை. தேயிலைத் தூசியில் இருமல் வந்தது. விடியுமுன் வேலைக்குப் போய், வெயில் சாயும்வரை ஸ்டோரிலேயே காத்திருந்துதான் திரும்பினேன். மற்ற நேரங்களில் அண்ணனின் பழைய நீளக் கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டு, தலைத்துணிக்கு மேல் ஆம்பிளைத் தொப்பி வைத்து, முகத்தில் களிம்பு பூசி நடந்தேன். "வெள்ளைக்கு மேல வெள்ளையடிச்சிக்கிட்டு வருது பாரு," என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். பெருவியாதி இல்லை என்று தெரிந்த பிறகு பீலியைத் தேய்த்துக் கழுவுவது நின்றுபோயிருந்தது.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பழையதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசவில்லை. ஆனால் டொக்டர் மாதத்துக்கு ஒரு தரம் உடம்பு முழுவதும் பார்க்கச் சொல்லியிருந்தார். என் கழுத்தின் பின்பக்கத்தையும் முதுகையும் நான் எப்படிப் பார்ப்பது? அம்மாவுக்கும் கண் மங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணிதான், "திரும்பி ஒக்காரு," என்று என் தலைமயிரை விலக்கிப் பார்க்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஒரு மாதமும் அவள் விட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவள் கை பிடரியில் நின்றது.

"இது போன மாசம் இல்ல."

"மச்சமா?"

"இல்ல. சொரசொரன்னு இருக்கு. நெல்லு அளவுதான்."

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். மஞ்சளும் பூசவில்லை, வேப்பெண்ணெயும் பூசவில்லை, செவ்வாய்க்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. மறுநாளே முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் பதுளைக்குப் போனோம். இந்த முறை வேறு டொக்டர். பார்த்தார், அழுத்தினார், கழுத்தில் கட்டி தேடினார். அன்றைக்கே ஊசி போட்டு வெட்டி எடுத்து மூன்று தையல் போட்டார். இரண்டு வாரம் கழித்துத் தாள் வந்ததும், அண்ணியின் மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனோம். அதுவும் அதே புற்றுதான், ஆனால் தோலின் மேல்மட்டத்தோடு நின்றிருந்தது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், யார் இதைக் கண்டுபிடித்தது என்று கேட்டார். நான் அண்ணியைக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டு மகளின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, உச்சி வெயில். பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் வெயிலில் நின்றது. அண்ணி என்னைக் கடை ஓரத்து நிழலில் நிறுத்திவிட்டு, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸில் வெயில் படாத பக்கத்து ஆசனத்தில் பையைப் போட்டு இடம் பிடித்தாள்.